மேற்கே பார்த்துப் படுத்தவர்

தாகேதா, ரங்கூன்
9 ஜூன் 2024

அன்புள்ள ஆல்பின் அண்ணனுக்கு,

தங்கை சாரா எழுதுவது. சர்வேசுரன் தயவில் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அண்ணிக்குச் சர்க்கரை குறைந்ததா? கடிதமா என்று சிரிக்காதீர்கள். சோதனைச் சாவடியில் போனைப் பிடுங்கித் திறந்து பார்க்கிறார்கள். அதனால் சென்னைக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் கையில்தான் இனி நம் பேச்சு. பக்கத்து வீட்டு ஹஸ்ஸானும் ருக்சாரும் ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில், கியாக்தானில் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். நம் கல்லறைத் தோட்டம் அதில் போகிறது. மழை முடிந்து, கல்லறைத் திருநாள் கழிந்ததும், எல்லாரையும் தோண்டி எடுத்து ஒரு புது இடத்தில் சேர்த்து வைக்கப் போகிறார்களாம். நம் குடும்பத்தில் மூன்று பேர். ஞானமுத்துத் தாத்தா, பாட்டி, சூசைத் தாத்தா.

இதில் சூசைத் தாத்தாவை நான் அவர்களோடு அனுப்பப் போவதில்லை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அவர் நம் தாத்தாவின் அண்ணன் இல்லை. நமக்கு ரத்த உறவே இல்லை. தாத்தா வேலை பார்த்த ஐஸ் மில்லின் முதலாளி. பெயர் சாலே எலியாஸ். யூதர். ஜப்பான்காரனிடமிருந்து ஒளித்து வைக்கத் தாத்தா கொடுத்த பெயர்தான் சூசை. நீங்கள் சென்னை போன பிறகு அப்பா என்னிடம் சொன்னார்.

இங்கே ரங்கூனில் யூதர்களுக்கென்று பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே, அவர் பெயரில், அவரைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்கு நம் கோயிலின் பங்குச் செயலாளர் லாசர் ஒரே பிடியாக நிற்கிறார். "ஆம்பிளை வாரிசு கையெழுத்து இல்லாம ஒரு பிடி மண்ணைத் தொட விடமாட்டேன்மா" என்கிறார். அறுபது வயதில் நான் யாருடைய வாரிசும் இல்லையாம்! சம்மதம் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
சாரா


வியாசர்பாடி, சென்னை
30 ஜூன் 2024

அன்புத் தங்கை சாராவுக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்கால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நான்தான் நடக்க மாட்டேன் என்கிறேன். அண்ணி நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணியிடம் காட்டினேன். "உங்க தங்கச்சிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். நம் கோவக்கார சூசைத் தாத்தா யூதரா? கல்லறைத் திருநாள் தவறாமல் நீயும் நானும் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு படகேறிப் போய் அவருக்கு வெள்ளையடிக்கவில்லையா? சிலுவைக்குக் கறுப்பு மை பூசுவது என் வேலை. மற்ற எல்லாருக்கும் சிலுவை ஒரு பக்கம், அவருக்கு மட்டும் எதிர்ப்பக்கம். எல்லாரும் கிழக்கே பார்த்துப் படுத்திருக்க, அவர் மட்டும் மேற்கே. சொந்தக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு ஊமையாகவே இருந்து செத்தவர், செத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பாட்டி சொல்லி நாம் எவ்வளவு சிரித்திருக்கிறோம். பாட்டி பொய் சொல்வாளா?

அப்பா கடைசிக் காலத்தில் என்னவோ சொல்லியிருப்பார். முழுக்க எழுது, பிறகு யோசிக்கலாம்.

உன் மகன் சேவியர் எப்படி இருக்கிறான்? பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று இங்கே செய்தியில் காட்டுகிறார்கள். மருமகன் இருபத்திரண்டு வயதுப் பையன் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் போட்டால் எடுக்கவும் மாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
ஆல்பின்


தாகேதா, ரங்கூன்
21 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியிடம் சொல்லுங்கள், எனக்குக் காய்ச்சல் இல்லை. மழை மட்டும்தான், வாசலில் கணுக்கால் தண்ணீர்.

பாட்டி பொய் சொல்லத்தான் செய்தாள். அவள் பொய் சொன்னதால்தான் ஒரு உயிர் கொஞ்ச காலம் கூட இருந்தது.

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எலியாஸ் முதலாளி கல்கத்தாவிலிருந்து இளைஞனாக வந்தவர். ஒரு சந்தில் சோடா பாட்டில் அடைத்து விற்றுத் தொடங்கி, பசுண்டாவ் கால்வாய்க் கரையில் ஐஸ் மில் போட்டார். ரங்கூனில் பாதி மீன் அவர் ஐஸில்தான் கிடந்தது. காலரா வந்த வருஷம் ஆஸ்பத்திரிகளுக்கு வண்டி வண்டியாகச் சும்மாவே அனுப்பினார். மில்லில் எல்லாம் நம் ஆட்கள். அவருக்குத் தமிழ் வரும். ஆனால் வேலைத்தளத்துத் தமிழ், திட்டுகிறது மட்டும்தான் சுத்தமாக வரும். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், அதனால் அன்று மட்டும் மில் பக்கமே வரமாட்டார். அன்றைக்கு ஆட்களுக்குக் கொண்டாட்டம். நம் தாத்தா அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற பிட்டர்.

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மனைவியையும் ஏழு வயது மகளையும் வடக்கே போகிற லாரியில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஐஸ் வேண்டுமே என்று அவர் நின்றுவிட்டார். வெள்ளைக்காரன் ஓடும்போது மில்லை வெடி வைத்துத் தகர்க்க வந்தான். முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னோட சேர்த்து வெடி" என்றாராம். விட்டுவிட்டுப் போய்விட்டான். பிறகு ஜப்பான்காரன் வந்தான். அவன் வருவதற்குள் தாத்தாவும் முதலாளியும் கம்பிரசரின் பெரிய வால்வைக் கழற்றி ஒளித்துவிட்டார்கள். அது இல்லாமல் மில் ஓடாது.

அதிகாரிகளின் விருந்துக்கு ஐஸ் கேட்டார்கள். மில் கெட்டுப்போச்சு என்றார். "நீ யூதன், வெள்ளைக்காரனுக்கு உளவு சொல்கிறவன்" என்று வீட்டைப் பிடுங்கிக்கொண்டு, ராணுவப் போலீஸ் கொண்டுபோய்க் கட்டி வைத்து அடித்தது. வால்வு எங்கே என்று கேட்டுக் கேட்டு நகங்களைப் பிடுங்கினார்கள். சொல்லவில்லை, அண்ணா. கடைசிவரை அவர்களுக்கு அந்த மில்லிலிருந்து ஒரு துண்டு ஐஸ் கிடைக்கவில்லை! செத்துவிடுவார் என்று வெளியே போட்டதை, தாத்தா சம்பான் படகில் வைக்கோலுக்கு அடியில் படுக்க வைத்துக் கியாக்தானுக்குக் கொண்டுபோனார். மறுபடியும் தேடிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் சூசை. வாயைத் திறந்தால் அவர் தமிழ் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால்தான் ஊமை. அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. தூக்கத்தில் மட்டும் அந்த ஊமை பேசுவாராம். "சாரா, சாரா" என்று. மகள் பெயர் அது. எனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார் அப்பா என்று இப்போதாவது புரிகிறதா?

நாற்பத்து நாலில் காய்ச்சலில் போனார். பெட்டி வேண்டாம், வெள்ளைத் துணி போதும், எருசலேம் பக்கம் கால் நீட்டி வையுங்கள் என்று தாத்தாவிடம் கேட்டுக்கொண்டாராம். கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. யுத்தம் முடிந்ததும் தாத்தா கல்கத்தாவுக்கு ஆள் விட்டு விசாரித்தார். மனைவியும் மகளும் அங்கே போய்ச் சேரவே இல்லை. அதற்கப்புறம் இந்த ஊரில் ஒவ்வொரு காலமும் பேசாமல் இருப்பதே நல்லது என்கிற காலமாகவே வந்தது. அவரும் சூசையாகவே கிடந்துவிட்டார்.

அந்த வால்வு இப்போது எங்கே என்று யோசிக்க வேண்டாம். நீங்கள் சின்ன வயதில் கால் விரலை இடித்துக்கொண்டு அழுவீர்களே, கதவுக்கு முட்டுக் கொடுக்கிற பித்தளைக் கட்டை, அதுதான். இன்றைக்கும் என் வாசல் கதவுக்குத்தான் முட்டு.

கையெழுத்தை அனுப்புங்கள். பிள்ளை நலம்.

இப்படிக்கு,
சாரா


வியாசர்பாடி, சென்னை
18 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். கடிதத்தைப் பல தடவை படித்தேன். நம்புகிறேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டையை எட்டி உதைத்திருக்கிறேன்.

ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன். கோபப்படாமல் கேள். நம் வீட்டார் எண்பது வருஷமாக அவருக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள். இனி நம் தாத்தா பக்கத்திலேயே கிடக்கட்டும், அவர் ஒன்றும் குறை சொல்ல மாட்டார். இது முதல் காரணம்.

இரண்டாவதுதான் பெரிது. நீ பெயர் மாற்ற வேண்டும் என்று கிளம்பினால் பங்கில் பேசுவார்கள். பங்கில் பேசினால் வார்டு ஆபீசுக்குப் போகும். ஒரு பொய்யைத் தோண்டினால், இந்த வீட்டில் வேறென்ன பொய் இருக்கிறது என்று தோண்டுவார்கள். நாட்டு நிலைமை என்ன, நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? செத்தவருக்காக உயிரோடு இருக்கிறவர்களை ஆபத்தில் மாட்டாதே.

சேவியரைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாய். நலம் என்றால் எங்கே நலம்? வேலைக்குப் போகிறானா? அவனைக் கொண்டு ஒரு வரி எழுதச் சொல். அவன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அன்புடன்,
ஆல்பின்


தாகேதா, ரங்கூன்
1 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் சுகம்தான் என்று நினைக்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு ஒன்றும் வராது.

அவர் குறை சொல்ல மாட்டார் என்கிறீர்கள். நாம் வாயைக் கட்டிப் போட்டு வைத்தவர் எப்படிக் குறை சொல்வார்? நகத்தைப் பிடுங்கியபோதும் வாய் திறக்காத மனுஷன், நம் வீட்டில் ஊமையாக இருந்தது நமக்காக. அவர் வாயைத் திறந்திருந்தால் தாத்தா தலை போயிருக்கும். அந்தக் கடனை நீங்கள் மெழுகுவத்தியில் தீர்த்துவிட்டீர்களாக்கும்.

ஜப்பான்காரன் அவர் பெயரை அழிக்கப் பார்த்தான். நாம் அதை ஒளித்து வைத்தோம். ஒளித்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நாமும் அழித்ததாகத்தான் அர்த்தம். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

உங்கள் கையெழுத்து வேண்டும். பிச்சையாகக் கேட்கவில்லை.

சாரா


தாகேதா, ரங்கூன்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. முழங்கால் மோசமாகிவிட்டதோ என்று கவலை. கோபத்தில் எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் எழுதியதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

லாசர் நவம்பர் 9 என்று நாள் குறித்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை. நான் முடியாது என்றேன்.

"ஏம்மா, எல்லாருக்கும் லீவு நாள்தானே?"

"முதலாளி சனிக்கிழமை வேலைக்கு வரமாட்டார்."

"அப்ப ஞாயித்துக்கிழமை..." என்று அவரே தொடங்கி, பூசை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். சனி அவருக்கு ஆகாது, ஞாயிறு உங்களுக்கு ஆகாது, திங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு எழுதிக்கொண்டார். ஆக நவம்பர் 11. அன்று உங்கள் சம்மதம் என் கையில் இல்லாவிட்டால் அவரைச் சூசை என்றே புதுக் குழியில் போட்டு, மேலே சிமெண்ட் பூசிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

யூதக் கல்லறைக்குப் பொறுப்பான ஊ ஐசக்கைப் போய்ப் பார்த்தேன். வயதானவர், மனைவி பர்மாக்காரி. என்னிடம் ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. கால் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். மேற்கே என்றேன். பெட்டியா துணியா என்றார். துணி என்றேன். "இடம் இருக்கு, கூட்டிட்டு வா" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

ருக்சார் கண் ஆப்பரேஷனுக்கு உங்கள் ஊருக்கு வருகிறாள். அவள் கையிலேயே இதைக் கொடுக்கிறேன். ஒரு வேளை சோறு போடுங்கள். அவளிடம் பேசுங்கள். எழுத முடியாததும் அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சாரா


வியாசர்பாடி, சென்னை
27 அக்டோபர் 2024

என் அன்புத் தங்கை சாராவுக்கு,

படித்ததும் இந்தத் தாளை அடுப்பில் போடு. இதோடு இருக்கும் மற்றத் தாளை மட்டும் லாசரிடம் கொடு.

ருக்சார் வந்தார்கள். கண் நன்றாகிவிட்டது. அண்ணி மீன் குழம்பு வைத்தாள். ருக்சார் வயிறாரச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "அண்ணே, சேவியர் பத்திரமா இருக்கான். எங்கன்னு கேக்காதீங்க" என்றார்கள். பட்டாளத்துக்குப் பெயர் வந்த வாரமே அவனை அனுப்பிவிட்டாய் என்றும், அவர்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில், அவர்கள் பிள்ளையாக, வேறு பெயரில் இருக்கிறான் என்றும் சொன்னார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அண்ணி அடுப்படியில் போய் அழுதாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் அவன் எங்கே, எழுதச் சொல் என்று உன்னை நச்சரித்திருக்கிறேன். நீ எப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதினாயோ.

அப்படியானால் இந்த நேரத்தில் ஏன் இந்த வம்பு, ஊர் கவனத்தை ஏன் இழுக்கிறாள் என்று ருக்சாரிடம் கேட்டேன். சிரித்தார்கள். "புள்ளைய ஒளிச்சு வெச்சவ வாயை மூடிக்கிட்டு மூலையில கெடந்தாத்தாண்ணே சந்தேகம் வரும். எலும்புக்காகச் சர்ச்சுல சண்டை போடுற பொம்பளைய எவன் சந்தேகப்படுவான்? தாகேதா முழுக்க சாராக்காவுக்குக் கிறுக்குன்னுதான் பேச்சு" என்றார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்: "அவங்க என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? என் புள்ள பேரைத்தான் தெருவுல நின்னு கூப்பிட முடியல, அந்த மனுசன் பேரையாவது சத்தமாக் கூப்பிடுறேன்னாங்க."

அதன் பிறகு பேனாவைத் தேடினேன்.

சம்மதக் கடிதத்தில் நாலு வரி கேட்டிருந்தாய். ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். லாசர் முழுக்கப் படிக்கட்டும். இந்தச் சம்மதத்தைக் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை, என் தங்கைதான் அந்தக் குடும்பத்தின் வாரிசு என்றும் கடைசியில் போட்டிருக்கிறேன்.

உன்,
ஆல்பின்


தாகேதா, ரங்கூன்
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், மனசும் சுகம். அண்ணியின் மீன் குழம்பைப் பற்றி ருக்சார் இந்தத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். உங்கள் தாளை லாசர் இரண்டு தடவை படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடங்கம்மா" என்றார்.

குழி வெட்டுகிற தங்கவேலுதான் தோண்டினார். பெட்டி இல்லை, ஆணி இல்லை, ஜெபமாலை இல்லை. கால் மேற்கே. எலும்பு கொஞ்சம்தான். ஈர மண், எண்பது வருஷம். வெள்ளைத் துணியில் நானே எடுத்து வைத்தேன். லாசர் பக்கத்தில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். தாத்தாவையும் பாட்டியையும் அவர்களுடைய புது இடத்துக்கு அனுப்பிவிட்டு, முதலாளியை ஹஸ்ஸானின் வேனில் ஏற்றினோம். தாத்தா சம்பானில் கொண்டுபோன வழியில் நாங்கள் திரும்பிவந்தோம், பாலத்து மேலே. சாவடியில் நிறுத்தினார்கள். துணியில் என்ன என்றான் ஒரு சிப்பாய், தாடி முளைக்காத முகம். எங்கள் குடும்பத்துப் பெரியவர், வீட்டுக்குப் போகிறார் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிட்டான்.

யூதர்களுக்கு முழு ஜெபம் சொல்லப் பத்து யூத ஆண்கள் வேண்டுமாம். இந்த ஊரில் பத்துப் பேருக்கு எங்கே போவது? ஊ ஐசக் ஒருவர். ஹஸ்ஸானும் தங்கவேலுவும் யூதர் இல்லை, கணக்கில் சேர மாட்டார்கள். அதனால் சங்கீதம் மட்டும் வாசித்தார். அது போதும், முதலாளிக்குத் தெரிந்த பாஷைதான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, இறந்தவர் பெயர் என்ன என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சொன்னேன். சாலே எலியாஸ். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அக்கா, மெதுவா" என்றார் ஹஸ்ஸான்.

"எதுக்கு மெதுவா? எம்பது வருசமா மெதுவாத்தானே இருந்தோம்?" என்று மறுபடியும் சொன்னேன். பசுண்டாவ் ஐஸ் மில் முதலாளி சாலே எலியாஸ். மனைவி ராகேல். மகள் சாரா. யாருக்கும் வளைந்து கொடுக்காதவர். மூன்றாம் தடவை சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுதேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பூமாலை கொண்டுபோயிருந்தேன். அவர்களுக்குப் பூ வழக்கமில்லையாம், கல்லறை மேல் ஒரு கல் வைப்பார்களாம். எனக்கு என்ன தெரியும்? சுற்றிப் பார்த்தால் புல்லும் சேறும்தான், ஒரு கூழாங்கல் கூட இல்லை. வேனில் தோண்டுகிறவர்களுக்குக் குடிதண்ணீரில் போட ஐஸ் வாங்கி வைத்திருந்தேன், உமி ஒட்டிக்கொண்டு பெரிய கட்டியாக. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மண்ணின் மேல் வைத்தேன். இது உங்களுக்கு மட்டும் முதலாளி, வேறு எவனுக்கும் இல்லை என்றேன். ஊ ஐசக் வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் உமியைத் தட்டிவிட்டு நேராக வைத்தார்.

அண்ணா, ஒரு சங்கதி. சூசை என்கிற பெயர் இனி கியாக்தானில் யாருக்கும் வேண்டாம். நம் கடிதங்களில் அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் விசாரிக்கிறபோது அந்தப் பெயரில் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
வாரிசு சாரா


வியாசர்பாடி, சென்னை
8 டிசம்பர் 2024

அன்புத் தங்கை சாராவுக்கு,

நாங்கள் நலம். கிறிஸ்துமஸ் வருகிறது. அண்ணி உனக்கு ஒரு சேலையும், ருக்சாருக்கு ஒரு சேலையும், ஊ ஐசக்குக்கு ஒரு சால்வையும் அனுப்புகிறாள்.

இங்கே கடற்கரைக்குப் போய் ஒரு நல்ல கல்லாகப் பார்த்து எடுத்து வந்தேன். முழங்கால் வலியோடுதான் குனிந்து எடுத்தேன், கேட்பாரிடம் சொல். முதலாளி மேல் வை. சின்ன வயதில் நான் எட்டி உதைத்ததற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிடு. அந்தக் கட்டை மட்டும் வாசலை விட்டு நகரக் கூடாது. உன் கதவு நன்றாக முட்டுக் கொடுத்து நிற்கட்டும்.

சூசை நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். வாயைத் திறக்காமல் கொஞ்ச காலம் ஊமையாகவே இருக்கச் சொல், நம் வீட்டில் அது புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை எண்பது வருஷம் ஆகாது, சாரா. ஆக விடமாட்டோம். அவன் பெயரைத் தாகேதா தெருவில் நின்று நீ கூப்பிடுகிற நாளில் நானும் பக்கத்தில் நிற்பேன். உன்னை விடச் சத்தமாகக் கூப்பிடுவேன்.

மாமன் விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
ஆல்பின்